தன்ஜிரோவின் கனிவு இரக்கமல்ல

(இளைஞர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் அனிமே பற்றிப் பேச வேண்டுமா என்று சிலருக்குத் தோன்றலாம். பேசித்தான் ஆக வேண்டும். கொயோஹாரு கொதோகே 2016 முதல் 2020 வரை வரைந்த மாங்கா 'டீமன் ஸ்லேயர்'. 2019-இல் அனிமே தொடராக வந்தது. 2025-இல் அதன் 'இன்ஃபினிட்டி காசில்' படம் தமிழ்க் குரலிலேயே திரையரங்குக்கு வந்துவிட்டது. வீரன் என்றால் யார் என்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்று சொல்லிக் கொடுப்பவர்களில் தன்ஜிரோவும் ஒருவன்.

தன்ஜிரோ மலையில் கரி சுட்டு விற்கும் குடும்பத்தின் மூத்த பிள்ளை. அரக்கன் ஒருவன் அவன் குடும்பத்தைக் கொன்றுவிடுகிறான். தங்கை நெசுகோ மட்டும் மிஞ்சுகிறாள், அதுவும் அரக்கியாக. அவளைக் கொல்ல வாளோடு வரும் கியுவின் முன்னால் தன்ஜிரோ பனியில் மண்டியிட்டுக் கெஞ்சுகிறான். கியுவுக்குக் கோபம் வருகிறது. உங்கள் உயிரை முடிவு செய்யும் அதிகாரத்தை அடுத்தவன் கையில் கொடுக்காதே என்று கத்துகிறான். முதல் அத்தியாயத்திலேயே ஒன்று தெளிவாகிவிடுகிறது. கெஞ்சுவது வேறு, கனிவு வேறு. தன்ஜிரோ எழுந்து வாள் பழகப் போகிறான்.

அரக்கன் என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கு ஒரு சந்தேகம் வரும். யார், யாரை அப்படி அழைக்கிறார்கள்? இந்தக் கதையில் அரக்கர்கள் ஒரு காலத்தில் மனிதர்களாக இருந்தவர்கள். தன்ஜிரோ அதை மறப்பதே இல்லை. ரூயி என்ற சிறுவன் தலை துண்டாகிக் கரையும்போது, அவன் உடையைக் கியு காலால் மிதிக்கிறான். காலை எடுங்கள் என்கிறான் தன்ஜிரோ. கொல்லப்பட்டவர்களுக்காக அரக்கனின் கழுத்தில் தயங்காமல் வாள் வீசுவேன், ஆனால் வருந்தித் துடிப்பவனை மிதிக்க மாட்டேன் என்பது அவன் நிலை.

ஆய்வு மாணவியாக நான் பேசிய கருத்தரங்குகளில் அடிக்கடி கேட்ட அறிவுரை ஒன்று உண்டு: "நல்ல கருத்து, கொஞ்சம் மென்மையாகச் சொல்லியிருக்கலாம்." அடிபட்டவரிடம்தான் எப்போதும் மென்மை கேட்கப்படுகிறது. அதனாலேயே கனிவு என்ற சொல்லே நமக்குக் கசந்துபோயிருக்கிறது. தன்ஜிரோ அந்தச் சொல்லை நமக்கு மீட்டுத் தருகிறான் என்று நினைக்கிறேன்.

கியூதாரோவின் கதையைப் பாருங்கள். யோஷிவாரா என்னும் பாலியல் தொழில் பகுதியின் ஆகக் கீழான மூலையில் பிறந்தவன். பிள்ளை என்றால் சோற்றுக்குச் செலவு என்று கருதிய இடம். அழுக்கன், அருவருப்பானவன் என்று ஏசப்பட்டவன். அவன் தங்கை உமே ஒரு சாமுராயின் கண்ணைக் குத்தியதற்காக உயிரோடு எரிக்கப்படுகிறாள். கரிந்த தங்கையைத் தூக்கிக்கொண்டு அலைந்தவனுக்கு ஒருவரும் உதவவில்லை. கடைசியில் கை நீட்டியது ஓர் அரக்கன்தான்.

அவனோடு சண்டையிடும்போது தன்ஜிரோ நினைக்கிறான்: இது நானாகவும் இருந்திருக்கலாம். ஆனாலும் வாளைக் கீழே போடவில்லை. தலைகள் துண்டான பிறகு அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் சபிக்கிறார்கள். தன்ஜிரோ தள்ளாடி வந்து கியூதாரோவின் வாயைப் பொத்துகிறான். நீங்கள் செய்ததை யாரும் மன்னிக்க மாட்டார்கள், நீங்கள் இருவராவது ஒருவரையொருவர் வெறுக்காதீர்கள் என்கிறான். செத்தவர்கள் சார்பில் மன்னிக்கும் உரிமையை அவன் எடுத்துக்கொள்ளவில்லை. கவனியுங்கள் தோழர்களே, இரக்கம் மேலிருந்து கீழே பார்க்கும். 'இது நானாகவும் இருந்திருக்கலாம்' என்பது சமதளத்தில் நின்று பார்ப்பது.

இந்தக் கதை நடப்பது ஜப்பானின் தைஷோ காலத்தில், அதாவது 1912-க்கும் 1926-க்கும் இடையில். அதே காலத்தில், 1922 மார்ச்சில், தோல் தொழிலும் இறைச்சித் தொழிலும் செய்ததற்காகத் தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கப்பட்ட புராகு மக்கள் கியோட்டோவில் கூடி சுய்ஹெய்ஷா என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1871-லேயே அரசு அவர்களின் இழிநிலையைச் சட்டப்படி ஒழித்திருந்தது. ஊர் ஒழிக்கவில்லை. பிறர் இரக்கப்பட்டு நடத்திய முயற்சிகள் எங்களைத் தாழ்த்தவே செய்தன, எங்கள் விடுதலையை நாங்களே நடத்துவோம் என்பதே அவர்களது பிரகடனத்தின் சாரம். சுய்ஹெய் என்றால் நீர்மட்டம். மேடு பள்ளம் இல்லாத சமநிலை.

'டீமன் ஸ்லேயர்' இவர்களைப் பற்றிப் பேசவில்லை. அதன் எல்லையும் அங்கேதான் இருக்கிறது. தீமையின் வேரை முசான் என்ற ஒற்றை அரக்கனிடம் வைத்துவிட்டது கதை. கியூதாரோவின் தலை விழுகிறது, அவனை உருவாக்கிய யோஷிவாரா விழவில்லை. நிஜத்தில் அங்கே அரசு சகித்துக்கொண்டு நடக்கவிட்ட தொழில் முடிவுக்கு வர 1958 ஆயிற்று, அதுவும் சட்டத்தால்.

ஆகவே தன்ஜிரோவை நேசியுங்கள். கரைந்துகொண்டிருக்கும் கையைப் பிடித்துக்கொள்ளும் அவன் குணம் நமக்கும் வேண்டும். அந்தக் கை ஏன் அப்படி ஆனது என்று கேட்டு, அதற்குக் காரணமான தெருவை மாற்றுவது அவன் வாளால் முடியாத வேலை. அது அமைப்பாகத் திரண்ட மக்களின் வேலை.