காணாக் கரம்



மதுரை மாநகரின் வடபகுதியில், வைகையின் தென்கரையை அடுத்து அமைந்தது சிம்மக்கல். அதற்கு அண்மையில் யானைக்கல். சிங்கத்தையும் யானையையும் பெயரில் தாங்கிய இவ்விடங்களைக் கடந்து வடக்கே சென்றால் ஆறு. ஆற்றைக் கடக்க உயர்ந்த பாலம் ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட ஆல்பர்ட் விக்டர் பாலம் அது. அதன் அருகே, ஆற்றுப் படுகையோடு ஒட்டினாற்போலத் தரைப்பாலம் ஒன்றும் உண்டு. ஆண்டின் பெரும்பகுதி வைகை மணலாய்க் கிடக்கும். மேற்கு மலைகளில் மழை பெய்து ஆறு பெருகினாலோ, தரைப்பாலம் நீருக்குள் மறைந்துவிடும். சிம்மக்கல்லில் வாழும் எங்களுக்கு இவ்விரு பாலங்களும் அன்றாட வழிகள். என் சிந்தனையை மாற்றிய நிகழ்ச்சி ஒன்றும் அந்தத் தரைப்பாலத்தருகேதான் நடந்தது.

அப்போது நான் இளம் ஆசிரியன். ஒரு மாலைப்பொழுது கோரிப்பாளையத்திலிருந்து மிதிவண்டியில் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். ஆற்றில் புது வெள்ளம் வந்துகொண்டிருந்தது. தரைப்பாலத்தின்மேல் நீர் இன்னும் ஏறவில்லை. விரைந்து சென்றால் கடந்துவிடலாம் என்று எண்ணினேன். பாலத்தின் தலைப்பில் நின்றிருந்த முதியவர் ஒருவர், கைவண்டி இழுப்பவர், என் மிதிவண்டியின் கைப்பிடியைப் பற்றி நிறுத்தினார். "வாத்தியாரய்யா, மேல் பாலத்தில் போங்கள்" என்றார். சினத்தோடுதான் திரும்பினேன். மேல் பாலத்தின் நடுவே வந்து கீழே பார்த்தபோது தரைப்பாலம் கண்ணுக்குத் தெரியவில்லை.

மறுநாள் பள்ளியில் காலை வழிபாட்டின்போது இதனை மாணவர்களுக்குக் கூறினேன். நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவன். நாம் காணாவிட்டாலும் கடவுளின் கரம் நம்மைக் காத்து நடத்துகிறது என்பதை இளமை முதல் கேட்டு வளர்ந்தவன். அந்த முதியவரின் கையில் கடவுளின் கையையே கண்டேன் என்று உருக்கத்தோடு பேசி முடித்தேன். மாணவர்களும் அமைதியாகக் கேட்டார்கள்.

வழிபாடு முடிந்தபின், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் வந்தான். "ஐயா, இதே ஆற்றில்தான் இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் அண்ணன் போனான். அவன் கையை யாரும் பிடிக்கவில்லையே. கடவுளுக்கு உங்களைத் தெரியும், அவனைத் தெரியாதா?" என்று கேட்டான்.

மாணவர்களே, ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் வினா எழுப்பும் முறையையும் விடை வருவிக்கும் முறையையும் எங்களுக்குக் கற்பித்தார்கள். ஆனால் அன்று அந்தச் சிறுவன் எழுப்பிய வினாவிற்கு என்னிடம் விடையில்லை. அன்று மாலை அவன் வீட்டிற்குச் சென்றேன். அவனுடைய தாயோடு சிறிது நேரம் அமர்ந்திருந்தேன். காலையில் நான் பேசியது அவனைப் புண்படுத்தியிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று அவனிடம் கேட்டுக்கொண்டேன். ஆயினும் அந்த வினா என்னை விட்டு நீங்கவில்லை. அதனைச் சுமந்துகொண்டு பல நூல்களைப் படித்தேன். அவற்றுள் எனக்குப் பெருந்துணையாயிருந்தது, நம் தென்பாண்டி நாட்டிலேயே வாழ்ந்து மறைந்த ஓர் அம்மையாரின் வரலாறு. அவர் பெயர் ஏமி கார்மைக்கேல்.

ஏமி அம்மையார் 1867ஆம் ஆண்டு அயர்லாந்து நாட்டில் பிறந்தவர். குழந்தையாய் இருந்தபோது அவருக்கு ஓர் ஆசை இருந்தது. தம் கண்கள் பழுப்பு நிறமாய் இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. தாயின் கண்களைப்போல் நீல நிறமாக வேண்டும் என்று விரும்பினார். கடவுளிடம் கேட்டால் கிடைக்கும் என்று தாய் சொல்லியிருந்தார். ஓர் இரவு முழு நம்பிக்கையோடு கேட்டுவிட்டு உறங்கினார். விடிந்ததும் கண்ணாடியை நோக்கி ஓடினார். கண்கள் பழுப்பாகவே இருந்தன. "இல்லை" என்பதும் ஒரு விடைதான் என்று அன்று அவர் கற்றுக்கொண்டதாக வரலாறு எழுதியோர் கூறுவர். பின்னாளில் தமிழ்நாட்டிற்கு வந்து, சேலை உடுத்தி, ஊர்ப் பெண்களோடு பெண்ணாய் அவர் நடமாட வேண்டியிருந்தது. அப்போது அந்தப் பழுப்பு நிறக் கண்களே அவருக்கு உதவின.

அவர் 1895ஆம் ஆண்டு இந்தியா வந்து சேர்ந்தார். அதன்பின் 55 ஆண்டுகள் ஒருமுறையேனும் தாயகம் திரும்பவில்லை. திருநெல்வேலிச் சீமையில் வாக்கர் என்னும் போதகரிடம் தமிழ் கற்றார், சிற்றூர்தோறும் நடந்தார். 1901ஆம் ஆண்டு மார்ச் மாதம், சில காலம் டோனாவூரில் தங்கிவிட்டு அப்போதுதான் பண்ணைவிளைக்குத் திரும்பியிருந்தார். அவ்வேளையில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அவரிடம் கொண்டுவரப்பட்டாள். கோவிலுக்கென்று ஒப்படைக்கப்பட்டு, அவ்வாழ்விற்கு அஞ்சி ஓடிவந்த குழந்தை அவள். முன்பும் ஒருமுறை தப்பித் தாயிடம் ஓடி, அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்டவள். இம்முறை அவளை வழியில் கண்ட ஊர்ப் பெண் ஒருவர் கையைப் பிடித்து அழைத்துவந்து அம்மையாரிடம் விட்டார். சில நாள் முன்னதாக வந்திருப்பின் அச்சிறுமி அம்மையாரைக் கண்டிருக்க மாட்டாள். டோனாவூரில் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு வீடாக வளர்ந்த பணி அந்த ஒரு சிறுமியிலிருந்துதான் தொடங்கிற்று.

இதுகாறும் நான் கூறியது, என் காலை வழிபாட்டுப் பேச்சைப் போன்றதே. அனைத்தும் நன்மையாய் முடிந்த கதை. ஆனால் வரலாறு இத்துடன் நிற்கவில்லை. டோனாவூர்ப் பணியின் தொடக்க ஆண்டுகளில் நோய் பரவி, காப்பாற்றிக் கொண்டுவரப்பட்ட பச்சிளங் குழந்தைகள் பலர் மாண்டனர். 1912ஆம் ஆண்டு, ஆசிரியராகவும் தந்தையைப் போலவும் துணைநின்ற வாக்கர் திடீரென்று மறைந்தார். அம்மையார் அழுதார்; ஆயின் பணியை நிறுத்தவில்லை.

பின்னர் 1931ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் வந்தது. அன்று காலை, தம் பணிக்குத் தம்மை இன்னும் தகுதியாக்க வேண்டும் என்று அவர் இறைவனிடம் வேண்டிக்கொண்டார். மாலையில் களக்காட்டிற்குச் சென்றார். மருந்தகம் அமைப்பதற்கென எடுத்த வீடு ஒன்றைப் பார்வையிட்டபோது, மங்கிய ஒளியில், புதிதாக வெட்டியிருந்த பள்ளம் ஒன்றில் விழுந்துவிட்டார். கால் எலும்பு முறிந்தது. அதன்பின் அவர் பழையபடி நடமாடவே இல்லை. ஏறக்குறைய 20 ஆண்டுகள், 1951ஆம் ஆண்டு சனவரி 18ஆம் நாள் மறையும்வரை, பெரும்பாலும் தம் அறையிலும் படுக்கையிலுமே கழித்தார்.

காலையில் வேண்டியவரை மாலையில் பள்ளத்தில் விழவிட்ட கடவுளை என்னென்பது? என் மாணவன் கேட்ட வினாவே இது. அம்மையாரும் இதற்கு எளிய விடை எதுவும் தந்துவிடவில்லை. அவர் செய்தது வேறு. படுக்கையில் கிடந்தவாறே எழுதத் தொடங்கினார். 1933ஆம் ஆண்டில் வெளிவந்த "ரோஸ் ஃப்ரம் பிரையர்" என்னும் நூல், நோயாளி ஒருவர் நோயாளிகளுக்கு எழுதியது. நலமாயிருப்போர் எழுதும் ஆறுதல் நோயுற்றோரின் நெஞ்சை எட்டுவது அரிது என்பதைத் தாம் படுத்தபின் அவர் உணர்ந்துகொண்டார். நலமாயிருந்த காலத்தில் அவர் எழுத இயலாத நூல் அது.

மாணவர்களே, இவ்வரலாற்றிலிருந்து நான் கற்றவை மூன்று.

முதலாவது, கடவுளின் காவல் என்பது துன்பமே வாராது என்னும் உறுதிச்சீட்டு அன்று. விவிலியத்தில் மூன்று இளைஞர்கள் எரியும் சூளையின் முன் நிறுத்தப்படுகிறார்கள். எங்கள் கடவுள் எங்களைக் காக்க வல்லவர். ஒருவேளை அவர் காவாவிடினும் நாங்கள் மாறமாட்டோம் என்பது அவர்கள் அரசனுக்குச் சொன்ன விடையின் கருத்து. அந்த "காவாவிடினும்" என்ற சொல்லில்தான் நம்பிக்கையின் முழு எடையும் இருக்கிறது. அதனை நீக்கிவிட்டால் எஞ்சுவது வாணிகம்.

இரண்டாவது, நம்புவது வேறு, சோதித்துப் பார்ப்பது வேறு. கோவிலின் உச்சியிலிருந்து குதி, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று சாத்தான் இயேசு பெருமானிடம் மறைமொழியை எடுத்துக்காட்டிச் சொன்னான். அவர் குதிக்கவில்லை, கடவுளைச் சோதிக்கலாகாது என்று மறுத்துவிட்டார். பெருகிவரும் ஆற்றில் கடவுளின் பெயரைச் சொல்லிக்கொண்டு இறங்குவது பக்தி ஆகாது. படிக்காமல் தேர்வு எழுதச் செல்வோரும், மருந்தை மறுத்து வேண்டுதலை மட்டும் நம்புவோரும் இதனை எண்ணிப்பார்த்தல் வேண்டும். டோனாவூரில் பொருள் வேண்டி எவரிடமும் கையேந்துவதில்லை என்பது அம்மையாரின் நெறி. ஆயினும் தேவையானது வந்து சேரும் என்று கைகட்டி அவர் அமர்ந்திருக்கவில்லை. நோயுற்ற குழந்தைகளுக்காக மருத்துவமனையையே எழுப்பினார்.

மூன்றாவதே தலையாயது. காணாத கடவுள் நம்மைக் காக்க விரும்பும்போது, பெரும்பாலும் காணக்கூடிய மனிதக் கைகளையே தேடுகிறார். பண்ணைவிளைச் சிறுமிக்கு அந்த ஊர்ப் பெண்ணின் கை. எனக்குக் கைவண்டி முதியவரின் கை. அக்கைகள் எந்தச் சமயத்தைச் சேர்ந்தவை என்று பார்க்க வேண்டுவதில்லை. பெண் குழந்தைகளைக் கோவிலுக்கு ஒப்படைக்கும் வழக்கத்தை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சட்டமன்றத்தில் போராடினார். 1947ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் அதற்குச் சட்டமும் வந்தது. அவரும் காக்கும் கைதான். ஆகவே, கடவுள் என்னை எவ்வாறு காப்பார் என்று கேட்பதோடு நில்லாமல், இன்று யாரைக் காக்க என் கை தேவைப்படுகிறது என்றும் கேளுங்கள். வகுப்பில் தனித்து அமர்ந்திருக்கும் தோழன், தேர்வில் தவறி வீட்டிற்குச் செல்ல அஞ்சும் தோழி, சாலையைக் கடக்கத் தயங்கும் முதியவர் ஆகியோர் உங்கள் கைக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கிறார்கள்.

இனி, என் மாணவனைப் பற்றி ஒரு சொல். பல ஆண்டுகள் கழித்து, நான் தலைமையாசிரியனாய் இருந்து ஓய்வு பெற்றபின், சிம்மக்கல்லில் நூலகத்தின் அருகே அவனைக் கண்டேன். தலை சற்றே நரைத்திருந்தது. என் கையைப் பற்றிக்கொண்டு நலம் கேட்டான். ஞாயிறுதோறும் தன் தெருப் பிள்ளைகளை அழைத்துச் சென்று நீந்தக் கற்றுக்கொடுப்பதாகச் சொன்னான். இதுவரை எத்தனை பேர் என்று கேட்டேன். எண்ணிப் பார்க்கவில்லை என்றான்.

"ஐயா, அன்று நான் கேட்டதற்கு விடை கிடைத்ததா?" என்று அவனே கேட்டான்.

"முழுவதும் கிடைக்கவில்லை, தம்பி" என்றேன்.

"எனக்கும் கிடைக்கவில்லை, ஐயா. வேலைதான் கிடைத்தது" என்றான்.

டோனாவூரில் ஏமி அம்மையாரை அடக்கம் செய்த இடத்தில் கல்லறைக் கல் இல்லை. வேண்டாம் என்று அவரே சொல்லியிருந்தார். பறவைகளுக்கென்று கல்லால் அமைந்த நீர்த்தொட்டி ஒன்று இருக்கிறது. குழந்தைகள் அவரைத் தாயென அழைத்த சொல் மட்டுமே அதில் பொறிக்கப்பட்டுள்ளது. காவலைப் பெற்றவர் காவலாகவே மாறிவிட்டார் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமோ? நம் கைகளும் அவ்வாறு பயன்படுவதாக.