குறைபாட்டின் நிழலில் மறையும் நோய்

மூளையும் நரம்பு மண்டலமும் வளரும் பருவத்திலேயே நேரும் மாற்றங்களால் பேச்சு, அசைவு, கற்றல், பழகுதல் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ தடைப்படும் நிலையை நரம்பு வளர்ச்சிக் குறைபாடு என்கிறது மருத்துவம். இந்தியாவின் ஐந்து பகுதிகளில் 2 முதல் 9 வயது வரையுள்ள குழந்தைகளிடம் நடத்தப்பெற்று 2018இல் வெளிவந்த ஆய்வொன்று, பார்வை, கேட்டல் குறைகளையும் வலிப்பையும் சேர்த்து எண்ணி, ஏறத்தாழ எட்டில் ஒரு குழந்தைக்கு இவற்றுள் ஒன்றேனும் இருப்பதாகக் கணித்தது.

இக்குழந்தைகளுக்கு நாட்பட்ட நோய்கள் மிகுதி என்பதைக் காட்டிலும், அந்நோய்கள் கண்ணில் படாமலே போகின்றன என்பதே இன்று பட்டம் பெறும் மருத்துவரும் செவிலியரும் நெஞ்சில் இருத்த வேண்டிய செய்தி. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு வலிப்பு வருகிறது. விழுங்கும் தசைகள் ஒத்துழைக்காதபோது உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்கி, நுரையீரல் அழற்சி திரும்பத் திரும்பத் தாக்குகிறது. டவுன் நோய்த்தொகையுடன் பிறப்போரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இதயத்தில் பிறவிக் குறை இருக்கிறது. தைராய்டு சுரப்புக் குறைவும் அவர்களிடம் மிகுதி. பேச்சு வராத ஆட்டிசக் குழந்தை திடீரெனத் தலையைச் சுவரில் மோதிக்கொண்டால், சொத்தைப்பல்லோ காதுவலியோ நாட்பட்ட மலச்சிக்கலோ காரணமா என்று முதலில் பார்த்தாக வேண்டும். 'இந்தப் பிள்ளை அப்படித்தான்' என்று தூக்க மருந்து எழுதி அனுப்புவது, வலியைக் கேட்க மறுக்கும் செயலாகும்.

தேனி மாவட்டத்து அனுமந்தன்பட்டியிலோ கம்பத்திலோ திராட்சைத் தோட்டக் கூலிக்குச் செல்லும், இத்தகைய குழந்தையின் தாய்க்கு, தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்வரும் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி இழப்பாகும். அதனால் வலிப்பு மாத்திரை விட்டுப்போனால், அதை அசட்டை எனக் கண்டிப்பது அறிவீனம். 'ரெண்டு நாளா புள்ள சரியில்ல' என அவர் சொல்வது எந்தக் கருவியும் காட்டாத மருத்துவத் தகவல். அது நோயாளிக் குறிப்பில் அப்படியே ஏற வேண்டும்.

2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் குழுக்கள் அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் பரிசோதனை செய்து, மேல்சிகிச்சை தேவைப்படுவோரை மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்களுக்கு அனுப்புகின்றன. அத்திட்டம் 18 வயதோடு நின்றுவிடுகிறது, நோய் நிற்பதில்லை. குழந்தைகள் பிரிவை விட்டுப் பெரியவர் பிரிவுக்கு மாறும் இளைஞருடன், வலிப்பு எவ்வாறு தொடங்கும், எம்மருந்து ஒவ்வாது, வலித்தால் எதைக் கொண்டு அறியலாம் என எழுதிய தாளொன்று செல்ல வேண்டும். அதை எழுதும் பொறுப்பு இப்பட்டதாரிகளுடையது.