மின்சார மொபெட்: பாட்டரிக் கணக்கு

பழைய மொபெட்டின் என்ஜினைக் கழற்றிவிட்டு, மோட்டாரும் பாட்டரியும் பொருத்தி ஓட்டலாமா என்று பலரும் கேட்கிறீர்கள். பெட்ரோல் செலவு மிச்சம் என்பது உண்மை. ஆனால் பாட்டரியும் தேயும் பொருள்தான். அந்தத் தேய்மானத்தையும் செலவில் சேர்த்தல் வேண்டும்.

12 வோல்ட், 30 ஆம்பியர்-மணி கொண்ட ஈய அமில பாட்டரிகள் நான்கைத் தொடராக இணைத்தால் 48 வோல்ட் கிடைக்கும். இதில் அடங்குவது 1.44 யூனிட் மின்சாரம். ஆனால் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் விரைவில் குறையும். எனவே கைக்கு வருவது 0.72 யூனிட், சுமார் 24 கிலோமீட்டர் ஓடலாம். இவ்வாறு ஏறக்குறைய 400 முறை பயன்படுத்தலாம். அதாவது 9,600 கிலோமீட்டர்.

பால் சொசைட்டிக்கும் சந்தைக்குமாக நாள்தோறும் 20 கிலோமீட்டர் செல்பவருக்கு இது 16 மாதங்களே வரும். எட்டு ஆண்டுகளில் ஆறு தொகுதிகள் வாங்க நேரிடும். ஒரு தொகுதி 14,000 ரூபாய் என வைத்துக்கொண்டால் மொத்தம் 84,000 ரூபாய்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரியில் 80 சதம் வரை பயன்படுத்தலாம். சுமார் 2,000 முறை தாங்கும். எடையும் பாதிக்கும் குறைவு. விலை 35,000 ரூபாய் என்று கொண்டாலும், நன்கு பராமரித்தால் அந்த எட்டு ஆண்டுகளை ஒரே தொகுதியால் கடத்திவிடலாம். விலை கடைக்குக் கடை மாறும். உங்கள் ஊர் விலையைப் போட்டு இக்கணக்கைச் செய்து பாருங்கள். பழைய ஈய பாட்டரிக்குக் கடைக்காரர் தரும் தொகையைக் கழித்துக்கொள்ளவும்.

ஆயுளைக் கூட்டும் வழிகள்:

1. வெயில் பாட்டரியின் பகைவன். ஈய அமில பாட்டரியின் சூடு 25 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்கு உயர்ந்தால் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். வண்டியை நிழலில் நிறுத்துங்கள். ஓட்டி வந்தவுடன் சார்ஜ் செய்யாமல், பாட்டரி ஆறிய பின் செய்யுங்கள்.

2. ஈய பாட்டரியை இறங்கிய நிலையில் போட்டு வைக்கக் கூடாது. தகடுகளில் உப்புப் படிந்து கெடும். லித்தியத்தை நெடுநாள் நிறுத்துவதானால் பாதி சார்ஜில் வையுங்கள்.

3. பழைய பாட்டரியுடன் புதியதை இணைக்காதீர்கள்.

4. லித்தியத்துக்கு அதற்குரிய சார்ஜரும், ஒவ்வொரு செல்லையும் கண்காணிக்கும் பி.எம்.எஸ். கருவியும் கட்டாயம் தேவை. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசாதீர்கள்.

மற்றொன்று. அங்கீகாரம் பெற்ற சாதனத் தொகுதியையே பொருத்தி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மாற்றத்தைப் பதிவுச் சான்றில் ஏற்றிக்கொள்ளுங்கள். இல்லையேல் விபத்து நேரும்போது இன்சூரன்ஸ் தொகை கிடைப்பது கடினம்.

ஆகவே, தினமும் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்பதை ஒரு மாதம் குறித்து வைத்து, அதன் பின்னரே பாட்டரியைத் தேர்ந்தெடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.