விழித்திரையின் மின்சாரமும் வயதும்

மாலை மயங்கிய பின்னர் வாசற்படியைக் காலால் துழாவிக்கொண்டே இறங்கும் முதியோரை நாம் அனைவரும் நம் இல்லங்களிலேயே கண்டிருக்கிறோம். "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று அவர்களும் சொல்வார்கள், நாமும் அதை ஒப்புக்கொண்டுவிடுவோம். இந்த மங்கலில் வயதின் பங்கு எவ்வளவு, நோயின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிவதற்குத் துணைசெய்யும் பரீட்சை ஒன்றைப்பற்றி இன்று சிந்திப்போம்.

கண்ணில் ஒளி பட்டவுடன் விழித்திரையில் நுண்ணிய மின்மாறுதல் ஒன்று உண்டாகிறது. ஸ்வீடன் நாட்டு உடலியல் அறிஞர் ஹோல்ம்கிரென் 1865-ஆம் ஆண்டில் தவளையின் கண்ணில் இதனைக் கண்டறிந்தார். பிற்காலத்தில் ராக்னர் கிரானிட் என்ற அறிஞர் அந்த மின் அலையைக் கூறு கூறாகப் பிரித்துக் காட்டினார். கண்ணின் இயக்கத்தைப்பற்றிய ஆராய்ச்சிக்காக 1967-இல் நோபல் பரிசை அவர் வேறு இருவருடன் பகிர்ந்துகொண்டார்.

பரீட்சை எளியது. மருந்துத் துளிகளால் கண்மணியை விரியச் செய்து, 20 நிமிடம் இருளில் அமர்த்துகிறார்கள். பின்னர் மெல்லிய மின்முனையைக் கண்ணில் பொருத்தி ஒளியைப் பளிச்சிடச் செய்கிறார்கள். வலுவான ஒளிக்கு வரும் வரைபடத்தில் முதலில் ஒரு பள்ளமும், அடுத்து ஒரு மேடும் தோன்றுகின்றன. பள்ளம் பெரும்பாலும் ஒளியை உணரும் கோல், கூம்பு ஆகிய செல்களைக் குறிக்கும். மேடு அவற்றிடமிருந்து செய்தி பெறும் அடுத்த அடுக்கைக் குறிக்கும். அலையின் உயரத்தையும், அது எழ ஆகும் நேரத்தையும் அளக்கிறார்கள்.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. எழுத்துப் பலகையின் முன் நம் தாய் தந்தையருக்காக நாம் மொழிபெயர்த்து நிற்கிறோம். இங்கோ விழித்திரையே நேராக விடையளிக்கிறது.

ஆனால் அந்த விடை வயதுக்கு வயது மாறுபடும். நோயற்ற கண்ணிலும் ஆண்டுகள் செல்லச் செல்ல அலையின் உயரம் குறைகிறது. அது எழுவதும் சற்றுத் தாமதமாகிறது. கோல் செல்கள் சிறிது சிறிதாகக் குறைகின்றன. கண்வில்லை மஞ்சள் பூத்து நீல ஒளியைத் தடுக்கிறது. மருந்திட்டாலும் முதியோரின் கண்மணி இளையோருடையதைப்போல் விரிவதில்லை.

ஆகவே 70 வயதினரின் அலையை 20 வயதினரின் அளவோடு ஒப்பிட்டால், இல்லாத நோய் இருப்பதாகத் தோன்றும். 40 வயதினரின் அலையை 70 வயதினரின் அளவோடு ஒப்பிட்டால், இருக்கும் நோய் மறைந்துபோகும். இதனால்தான் பரிசோதனைச் சாலைகள் நலமுள்ளோரின் அளவுகளை வயதுவாரியாகத் தொகுத்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இங்கே நம் கடமை ஒன்று உண்டு. பள்ளியில் சேர்ப்பதற்காக அந்நாளில் எழுதிவைத்த பிறந்த தேதி, பல முதியோருக்கு உண்மையான தேதி அன்று. ஓரிரண்டு ஆண்டுகள் பிசகினால் பெரும் கேடில்லை. பத்தாண்டுகள் பிசகினால் முடிவே மாறக்கூடும். உண்மை வயதை விசாரித்து டாக்டரிடம் சொல்லவேண்டும். நீரிழிவு உண்டா, உறவில் எவருக்கேனும் மாலைக்கண் இருந்ததா என்பதையும் சொல்லவேண்டும்.

இப்பரீட்சை ஒன்றே போதும் என்பதும் இல்லை. இது விழித்திரை முழுவதன் கூட்டு விடையாதலால், நடுவில் உண்டாகும் சிறு பழுது இதில் தெரியாமற் போகலாம். கண் அழுத்த நோய் தாக்குவது வேறோர் அடுக்கையாதலால், அந்நோய் இருந்தும் அலை இயல்பாகவே இருக்கலாம். அவற்றுக்கு வேறு பரீட்சைகள் உண்டு.

முதுமை இரு கண்களையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே, மெல்ல மெல்லத்தான் தொடும். பார்வை ஒரு கண்ணில் மட்டும் மங்கினாலும், சில நாட்களில் விரைந்து குறைந்தாலும், வயதின்மேல் பழிபோட்டுவிட்டு நாம் வாளா இருத்தலாகாது. அன்றே கண் மருத்துவரை நாடவேண்டும்.