எண்ணெய்க் கிண்ணமும் கூந்தற் போட்டியும்

(ஆண்டுவிழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆழ்ந்த பொருள்களைப் பற்றிப் பேசுவதற்கு இம்மேடையில் அறிஞர் பலர் அமர்ந்துள்ளனர். எனக்கு வாய்த்ததோ தலைமயிர். நகைக்க வேண்டா, அது தமிழர்க்குச் சிறிய பொருளன்று. மகளிர் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டோ என்று பாண்டியன் ஒருவனுக்கு ஐயம் எழுந்தது. அதைத் தீர்ப்பவர்க்கு ஆயிரம் பொன் என்றான். தருமிக்காக இறைவனே பாட்டெழுதிக் கொடுத்தான். நக்கீரரோ அதிலும் குற்றம் கண்டார். திருவிளையாடற் புராணம் கூறும் கதை இது. கூந்தல் வழக்கில் தலையிடுவது எத்துணை இடர் மிகுந்தது, பாருங்கள்! அவ்விடரில் சென்ற மாதம் நானே சிக்கிக்கொண்டேன்.

எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடும் கலையை, அதாவது மசாஜைக் கற்பிக்கும் பள்ளி ஒன்று இந்நகரில் உண்டு. அதன் ஆசிரியர்கள் வேடிக்கையாகத் தம்முள் ஓர் அழகிய தலைமயிர்ப் போட்டி வைத்தனர். வழுக்கைத் தலையனுக்குப் பொறாமை எல்லாரிடத்தும் ஒன்றே ஆகையால், என்னை நடுவராக்கினர்.

உடம்பு பிடிப்போர்க்கும் தலைமயிர்க்கும் என்ன உறவு என்பீர்கள். 'ஷாம்பு' என்னும் சொல்லைக் கேளுங்கள். 'அழுத்திப் பிடி' என்னும் பொருளுடைய 'சாம்போ' என்ற இந்திச் சொல்லே அது. பாட்னாவில் 1759-இல் பிறந்த தீன் முகம்மது என்பார் இங்கிலாந்துக்குச் சென்று, 1814-இல் பிரைட்டன் கடற்கரை நகரில் நீராவிக் குளியலும் உடம்பு பிடித்தலும் சேர்ந்த நிலையம் ஒன்றைத் தொடங்கினார். நான்காம் ஜார்ஜ் மன்னருக்கே 'ஷாம்பு வைத்தியர்' ஆனார். தலைமயிரைக் கழுவுதல் என்ற பொருள் அச்சொல்லுக்குப் பின்னர்தான் வந்து சேர்ந்தது. நாம் இன்று குப்பியில் வாங்குவது ஒரு கைத்தொழிலின் பெயரையே!

போட்டிக்கு வருவோம். கேரளத்து ஆசிரியை தேங்காயெண்ணெயின் புகழ் பாடினார். பீகாரத்து ஆசிரியர் கடுகெண்ணெய்க்காக வாதாடினார். நல்லெண்ணெய்க்கு ஆளில்லையே என்று நடுவராகிய நானே எழுந்து பேசி, கண்டனம் பெற்று அமர்ந்தேன். சர்தார்ஜி ஒருவர் தலைப்பாகையைத் தொடாமலே, "நீளம் நிறைய உண்டு, நம்பிக்கொள்ளுங்கள்" என்றார். தலைமயிர் திங்களுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளர்வது. இடுப்பளவு கூந்தல் ஐந்தாறு ஆண்டுகளின் சேமிப்பு. அதற்கு ஐந்து நிமிடத்தில் மதிப்பெண் இடுவது எப்படி?

இறுதியாக மூத்த ஆசிரியை வந்தார். நரைத்து மெலிந்த சிறு கொண்டை. முப்பதாண்டுகளாகக் கற்பிப்பவர், அங்கிருந்தோருட் பாதிப்பேர் அவர் மாணவர். "அம்மா, தங்கள் தலைக்கு எண்ணெய் வைப்பவர் யார்?" என்று வேடிக்கையாகவே கேட்டேன். சற்று எண்ணிப் பார்த்துவிட்டு, "என் தாயார் இறந்தபின் ஒருவரும் இல்லை" என்றார்.

அன்பர்களே! என் தாயாரும் இக்காலனியில் பதினான்கு ஆண்டுகள் என்னுடன் வாழ்ந்தார். வெள்ளிக்கிழமைதோறும் அடுப்பருகே எண்ணெய்க் கிண்ணத்தைக் காய்ச்சி வைத்துக்கொண்டு, தாமே உச்சியில் தடவிக்கொள்வார். முதுகுப் பக்கம் கை எட்டாது. "எண்ணெய் வைத்துக்கொண்டாயா அம்மா?" என்று அலுவலகம் புறப்படும்போது கேட்டிருக்கிறேன். "வைத்துவிடட்டுமா?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. குழந்தைப் பருவத்தில் சனிக்கிழமை தோறும் என்னைத் துரத்திப் பிடித்துத் தேய்த்த கை அது. இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பாட்டிமாரைப் பார்க்கும்போது, அவ்வீடுகளில் அக்கேள்வி கேட்கப்படுகிறதா என்று அறிய ஆவல். நீங்கள் விடை கூற வேண்டா. வீட்டுக்குப் போய்க் கேளுங்கள்.

அன்று அப்பள்ளியில் யாரும் பேசவில்லை. பீகாரத்து ஆசிரியர் ஒரு நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டார். கேரளத்து ஆசிரியை கொண்டையை அவிழ்த்தார். மாணவர் கை ஒவ்வொன்றாக ஆசிரியையின் தலைமேல் வந்தது. "இன்னும் அழுத்து, கட்டைவிரலைச் சாய்க்காதே" என்று கண்ணை மூடியபடியே அவர் பிழை திருத்திக்கொண்டிருந்தார்.

முதற்பரிசு யாருக்கு என்று இன்றும் சிலர் கேட்கின்றனர். யாருக்கும் கொடுக்க இயலவில்லை. பரிசாக வைத்திருந்தது ஒரு பெரிய குப்பி எண்ணெய். அதைத்தான் அன்று உடைத்துத் தீர்த்துவிட்டோம்.