ஆப்பச் சட்டியும் தண்ணீர்த் தொட்டியும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

எனக்கு மேடைப் பழக்கம் இல்லை. பத்தாம் வகுப்புல ஒரு பேச்சுப் போட்டியில் ஏறி, பாதியில் அழுதுக்கிட்டே இறங்கினவ நான். இன்னைக்கு அப்படி இறங்க முடியாது. நான் பேச வந்தது நம்ம காசைப் பத்தி.

எங்க குழு போடிக்கு மேற்கே மலையடிவாரத்துல இருக்கு. 12 பேர். அதுல 9 பேர் விடியறதுக்குள்ள ஜீப் ஏறி, போடிமெட்டு வழியா ஏலத்தோட்ட வேலைக்குப் போயிடுவாங்க. திரும்பி வர்றப்ப இருட்டிடும். தெருக்குழாயில் தண்ணி வர்றதோ பகல் பதினோரு மணிக்கு. பிடிச்சு வைக்க ஆள் கிடையாது. அதனால குழுச் சேமிப்பிலிருந்து உள்கடன் எடுத்து, 1,000 லிட்டர் தொட்டி ஒன்னு வாங்கித் தெருமுனையில் வைக்கலாம்னு தீர்மானம் போட்டோம். வீட்டில் இருக்கிறவ நான்தானே, வாங்கிட்டு வர்ற பொறுப்பு எனக்கு வந்துச்சு.

நாலு கடை ஏறி இறங்கினேன். கடைசிக் கடையில் விலை ரொம்பக் குறைவு. கருப்பா, பளபளன்னு இருந்தது. பானையைத் தட்டுற மாதிரி தட்டிப் பார்த்தேன். வேறென்ன பார்க்கணும்னு தெரியாது. ஒரே ஆள் அதைத் தலையில் தூக்கிட்டு வந்து இறக்கினாரு. "அட, எவ்வளவு லேசு"ன்னு எனக்கு சந்தோஷம் வேற!

ரெண்டாவது கோடையில் அடிப்பக்கம் விரிஞ்சு போச்சு. தோட்டத்துலேர்ந்து வந்தவங்க காலிக் குடத்தோட நின்னாங்க. கடையில் விக்கிற பசையெல்லாம் வாங்கி அப்பினோம். இந்தப் பிளாஸ்டிக்கில் சாதாரணப் பசை நிக்காதுன்னு பிறகுதான் தெரிஞ்சது. கடனில் இன்னும் அஞ்சு தவணை பாக்கி. இல்லாத தொட்டிக்கு அஞ்சு மாசம் கட்டினோம். ஒரு அக்கா மட்டும், "நீ பார்த்துத்தானத்தா வாங்குன?"ன்னு கேட்டாங்க. மத்தவங்க ஒன்னும் சொல்லலை. பேசாம பணத்தை வச்சுட்டுப் போனாங்க. அதுதான் எனக்கு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துச்சு.

என் தம்பி கோயமுத்தூர் பக்கம் ஒரு தொட்டி கம்பெனியில் வேலை பார்க்கிறான். அவன் பிள்ளைக்குக் காது குத்துக்குப் போனப்ப, "எனக்கு அதை எப்படிச் செய்யறாங்கன்னு காட்டுடா"ன்னு கேட்டேன். சிரிச்சான். ஆனா கேட்டுட்டு வந்து கூட்டிட்டுப் போனான்.

தொட்டியை ஏதோ பெரிய இயந்திரம் அழுத்திப் பிழிஞ்சு செய்யும்னு நெனச்சிருந்தேன். அப்படி இல்லை. நாம ஆப்பம் சுடறோம் இல்லையா? மாவை ஊத்திட்டு என்ன செய்யறோம்? சட்டியின் ரெண்டு காதையும் பிடிச்சு ஒரு சுழற்று சுழற்றுறோம். மாவு போய் ஓரமெல்லாம் ஒட்டிக்குது. அதேதான் அங்கேயும்.

தொட்டி அளவுக்கே இரும்புத் தகட்டில் ஒரு அச்சு. உள்ளே காலி. அதில் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கை மாவு மாதிரி அரைச்ச தூளை எடை போட்டுக் கொட்டி மூடுறாங்க. கீழே தீ எரியுது. அச்சு தன்னைத்தானே உருளுது, அதோட தொட்டில் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுது. பெரிய கம்பெனிகளில் தீக்குப் பதிலா பெரிய அடுப்பறைக்குள்ளேயே அச்சைச் சுத்த விடுவாங்களாம். தூள் உருகி உள்சுவர் முழுக்க ஒட்டிக்குது. வேற அழுத்தம் கிடையாது. அப்புறம் காத்தடிச்சு ஆற விடுறாங்க. ஆறும்போதும் சுத்திக்கிட்டே இருக்கணும், நிறுத்தினா உருகினதெல்லாம் அடியில் வந்து தேங்கிடும். பிறகு அச்சைத் திறந்தா, ஒரு ஒட்டுப்போட்ட தடம் இல்லாம முழுத் தொட்டி. இதுக்கு ரோட்டோ மோல்டிங்னு பேராம். ரோட்டுல நிறுத்தி வைக்கிற பிளாஸ்டிக் தடுப்பு, பார்க்குல பிள்ளைங்க சறுக்குற சறுக்குமரம், இதிலெல்லாம் நிறைய இப்படிச் செய்யறதுதான்.

அங்கே ஒரு விஷயம் என் மண்டையில் உறைச்சுது. கொட்டின தூள் ஒரு பிடி கூட வீணாப் போறதில்லை. 30 கிலோ கொட்டினா தொட்டி 30 கிலோ இருக்கும். அப்போ விலையில் குறைக்கிறவன் எங்கே குறைப்பான்? தூளில்தான்! எங்க தொட்டி லேசா இருந்தது எதனாலன்னு அப்பத்தான் புரிஞ்சது. இல்லைன்னா பழைய பிளாஸ்டிக்கை அரைச்சுக் கலப்பான். அது வெயில் தாங்காது.

வேக்காடும் முக்கியம். சரியா வேகலைன்னா உள்பக்கம் நறநறன்னு இருக்கும், சின்னச் சின்ன ஓட்டை விழும். தீஞ்சு போனா கருகின வாசம் வரும், பிறகு சட்டுனு உடையும். கருப்புச் சாயம் அழகுக்கு இல்லை. அது வெயிலைத் தாங்கும், உள்ளே வெளிச்சம் விடாம பாசி பிடிக்காமப் பார்த்துக்கும்.

எங்க தப்பும் ஒன்னு உண்டு, மறைக்கக் கூடாது. மேடை கட்டக் காசில்லைன்னு நாலு கல்லு மேல வச்சிருந்தோம். தம்பி கேட்டுட்டுத் தலையில் அடிச்சுக்கிட்டான். ஆயிரம் லிட்டர்னா தண்ணியே ஆயிரம் கிலோ. அடி முழுக்கச் சமமா உட்காரணும், கல்லு குத்துற இடத்தில் எந்தத் தொட்டியும் விரியும்.

நாம எல்லாத் தொட்டியையும் சின்டெக்ஸ்னுதான் சொல்றோம். அது குஜராத்துல கலோல்ங்கிற ஊரில் தொடங்கின கம்பெனியோட பேரு. அங்கே 1931இல் ஆரம்பிச்ச ஒரு துணி மில். 1975இல் பிளாஸ்டிக் பிரிவு தொடங்கி, முதல்ல மில்லுக்கான கேன்தான் செஞ்சாங்க. ஆண்டிபட்டிப் பக்கம் மில் வேலைக்குப் போனவங்களுக்குத் தெரியும், பஞ்சுத் திரி சுருண்டு விழுமே, அந்தக் கேன். அதுக்குப் பிறகுதான் தண்ணித் தொட்டி. எங்க தெருவில் நின்னது அந்தக் கம்பெனித் தொட்டி இல்லை, பேர் மட்டும் நாங்க வச்சது.

தொட்டிக்குன்னு தனியா ஐ.எஸ்.ஐ. தரம் இருக்கு. எண் 12701. எந்த அளவுத் தொட்டிக்குச் சுவர் கனம் எவ்வளவு, எடை எவ்வளவுன்னு அதில் இருக்கு. முத்திரைக்குக் கீழே சிஎம்/எல்னு ஆரம்பிச்சு ஒரு உரிம எண் இருக்கணும். அதை பிஐஎஸ் கேர்ங்கிற செல்போன் செயலியில் போட்டா, யாருக்குக் கொடுத்த உரிமம்னு காட்டும். என் பொண்ணு ஏழாவது படிக்கிறா, அவளே பார்த்துச் சொல்லிட்டா.

இப்போ மலைமேல் இருக்கிற குழுக்களுக்குத் தொட்டி வாங்கக் கொள்முதல் கமிட்டியில் என் பேரைப் போட்டிருக்கீங்க. வேண்டாம்னுதான் முதல்ல சொன்னேன். "ஏமாந்தவளுக்குத்தான் கண்ணு தெரியும், நீயே பாரு"ன்னு சொன்னது யாருன்னா, அன்னைக்கு அந்தக் கேள்வி கேட்ட அதே அக்காதான்.

வர்ற புதன்கிழமை லாரி வருது. அங்கே மேடை கட்டியாச்சு, சமமட்டம் வச்சுப் பார்த்தாச்சு. ஏலக்காய் மூட்டை நிறுக்கிற தராசைத் தர்றேன்னு ஒரு அக்கா சொல்லியிருக்காங்க. ஒவ்வொரு தொட்டியையும் நிறுத்து, உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்த பிறகுதான் ரசீதில் கையெழுத்து. கூட நிக்க ரெண்டு பேர் வேணும், அன்னைக்குத் தோட்டத்துக்குப் போகாதவங்க கை தூக்குங்க.