நீயே சொல்லு

அமெரிக்க முதியோர் இல்லம் ஒன்றில் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த ஆய்வு 1976-இல் வெளிவந்தது. ஒரு பிரிவினரிடம், "உங்கள் அன்றாட முடிவுகள் உங்கள் கையில். இந்தச் செடிக்கும் நீங்களே தண்ணீர் ஊற்றுங்கள்" என்றார்கள். இன்னொரு பிரிவினருக்கும் செடி கிடைத்தது. ஆனால் தண்ணீர் ஊற்றியது செவிலியர். சில வாரங்களில், பொறுப்பைத் தாங்களே ஏற்றவர்கள்தான் கூடுதல் உற்சாகமாக இருந்தார்கள்.

வீட்டிலும் இதேதான். "ஆறு மணிக்குப் படிக்க உட்கார்" என்றால் பிள்ளை முகம் சுளிக்கும். "எப்போது படிக்கப் போகிறாய்? நீயே சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள். தானே குறித்த நேரத்தைத் தானே காப்பாற்றப் பார்க்கும்.

அடுத்தவர் வைத்த இலக்கு சுமை. நாமே வைத்த இலக்கு ஊக்கம். இன்றைக்கு ஒரு முடிவையாவது பிள்ளையிடம் விடுங்கள்.